போடியில் எந்தப் பாதை நல்ல பாதை?

டிசம்பர் பிறந்துவிட்டால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, குரங்கணி வரலாம்னு இருக்கோம், நாலு பேரு. எந்தப் பாதையில ஏறலாம்?" குரங்கணி, தேனி மாவட்டத்தில் எங்கள் போடிநாயக்கனூருக்குப் பக்கத்து மலையடிவார ஊர். மதுரையிலிருந்து, திருப்பூரிலிருந்து, கோயம்புத்தூரிலிருந்து கூப்பிடுவார்கள். பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. யாரோ ஒருவருக்கு எப்போதோ வழி சொல்லி, அவர் இன்னொருவருக்கு என் எண்ணைக் கொடுத்து, இப்படியே பரவியது. ஏலக்காய் வியாபாரத்தில் இருப்பவனுக்கு ஜீப் டிரைவர்களைத் தெரியும், தோட்டத்து ஆட்களைத் தெரியும், அதனால் மலைப்பாதையும் தெரியும் என்று நினைக்கிறார்கள். ஓரளவுக்குத் தெரியும்தான். முன்னெல்லாம் கேட்ட உடனே சொல்லிவிடுவேன். இப்போது பதில் சொல்வதற்கு முன்னால் நானே நாலு கேள்வி கேட்கிறேன். அதில் சிலருக்குச் சலிப்புத் தட்டி, "சரிண்ணே, பாத்துக்கிறோம்" என்று வைத்துவிடுகிறார்கள். ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதை போனில் விளக்க முடிவதில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்கள் போடியில் இறங்கி மேற்கே பார்த்தால் மலை ஒரே சுவராகத் தெரியும். எங்களுக்கு அது அப்படி இல்லை. ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு மெட்டுக்கும் ஒரு பாதை. போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை போகிறது, ஆனால் சாலை வருவதற்கு முன்னால் அடிவாரத்து முந்தல் ஊரிலிருந்து நடந்துதான் ஏறினார்கள். எங்கள் பெரியம்மா சின்ன வயதில் ஏலக்காய் எடுக்கப் போனபோது திங்கட்கிழமை இருட்டில் ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவாராம், தலையில் அரிசியும் பருப்பும். குரங்கணிப் பக்கம் போனால் டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்று பெயர்கள் வரும். புதிதாக வருபவர்கள் ரயில் எங்கே என்று கேட்பார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒரு காலத்தில் ரயில் இருந்தது உண்மை. 1902இல் ஒற்றைத் தண்டவாளமாகப் போட்டு, 1908இல் சின்ன ரயிலாக மாற்றினார்கள். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப் வழியாகக் கீழே கொட்டகுடிப் பக்கம் இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்கு வந்தன. 1924 வெள்ளத்தில் ரயில் போய்விட்டது, பெயர்கள் மட்டும் மலையில் தங்கிவிட்டன. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மலையில் பாதை என்பது யாரோ பிழைப்புக்காக நடந்து நடந்து உண்டானது. வேடிக்கை பார்க்க உண்டான பாதைகள் ரொம்பப் பிந்தியவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

2017 மார்ச்

அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் ஐந்து பேர் போனோம். நான், கடையில் கூட இருக்கும் இரண்டு நண்பர்கள், ஒரு ஜீப் டிரைவர், அப்புறம் என் அக்கா மகன். அப்போது அவன் எட்டாம் வகுப்பு. "மாமா, நானும் வர்றேன்" என்று இரண்டு வாரமாக விடவில்லை. குரங்கணியிலிருந்து இரண்டு மூன்று வழிகளில் ஏறலாம். மரத்தடியிலேயே போகும் பாதை ஒன்று உண்டு, அதில் காட்சி அதிகம் கிடைக்காது, இலைக்கு நடுவில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று புல் சரிவு வழியாக மலை முதுகில் ஏறும் பாதை. அரை மணி நேரத்தில் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிய ஆரம்பித்துவிடும். பையன் வந்திருக்கிறான், அவனுக்கு நல்ல காட்சி காட்ட வேண்டும் என்று நான்தான் புல் சரிவைத் தேர்ந்தெடுத்தேன். அனுமதி பற்றியெல்லாம் நாங்கள் யோசிக்கவே இல்லை, ஊர்க்காரன் மலைக்குப் போக யாரைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம்.

புல் என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. வைக்கோல் நிறம். கையில் கசக்கினால் எலுமிச்சை வாசனை வந்தது, பையன் அதைத் திரும்பத் திரும்பக் கசக்கி மோந்துகொண்டே வந்தான். காற்று வீசும்போது சரிவு முழுக்க அலை மாதிரி சாய்ந்து நிமிரும், அதுவும் ஒரு சத்தம் போடும். அப்படி ஒரு அழகை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, இன்றைக்கும் அதை அழகு என்றுதான் சொல்வேன். ஒரு பாறையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். கூட வந்தவர்களில் ஒருவர் சிகரெட் பற்றவைத்தார். குடித்து முடித்து அதைப் பாறையில் வைத்து நசுக்கினார், நன்றாகத்தான் நசுக்கினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. பதினொன்றரைக்கே தண்ணீர் தீர்ந்துவிட்டது, இறங்கும்போது பையனுக்கு உதடு வெடித்துவிட்டது, அதையும் ஒரு சாகசமாகத்தான் வீட்டில் போய்ச் சொன்னோம். புல்லுக்குள் இடுப்புக்கு மேலே மட்டும் தெரிய ஐந்து பேரும் நிற்கும் போட்டோ என் போனில் ரொம்ப நாள் முகப்புப் படமாக இருந்தது.

அதற்கு அடுத்த ஒரு வருடம் யார் கேட்டாலும் அந்தப் பாதையைத்தான் சொன்னேன். மாதத்தையும் சேர்த்துச் சொன்னேன்: "மார்ச்ல வாங்க, மழை இருக்காது, அட்டை இருக்காது, வானம் பளிச்சுன்னு இருக்கும்." பயமாக இருக்குமா என்று யாராவது கேட்டால், "சின்னப் பையனைக் கூட்டிக்கிட்டுப் போனோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகல" என்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2018 மார்ச் 11. மாலையில் மாடியில் துணி எடுக்கப் போனபோது குரங்கணிப் பக்கம் புகை தெரிந்தது. கோடையில் மலையில் தீ எரிவது எங்களுக்குப் புதிதில்லை. ராத்திரியில் மாடியிலிருந்து பார்த்தால் சரிவில் சிவப்பாக ஒரு மாலை போட்ட மாதிரி கோடு தெரியும், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறோம். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம். ஒன்று போனது, பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் நிற்கவே இல்லை. தெருவில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் இரண்டு குழுக்களாக வந்தவர்கள், முந்தின நாள் மேலே ஏறி கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் தங்கிவிட்டு, இறங்கும்போது புல் சரிவில் தீக்குள் மாட்டிக்கொண்டார்கள் என்று ஜீப்காரர்கள் சொன்னார்கள். எங்கள் ஜீப் டிரைவர் உட்பட ஊர்ப் பையன்கள் பலர் இருட்டில் ஏறிப்போனார்கள். மறுநாள் ஹெலிகாப்டர்கள் வந்தன. கடைசியில் இறந்தவர்கள் கணக்கு 23 பேர் என்று நின்றது. பெரும்பாலும் சின்ன வயதுக்காரர்கள், நிறையப் பெண்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். ஏலக்காய் தரம் பிரிக்கிற மெஷின் வாங்கிய வகையில் பழக்கம். "அண்ணே, டிவியில பாத்தேன். நீங்க சொன்ன சரிவுதானே அது? அடுத்த சனிக்கிழமை நாங்க வர்றதா இருந்தோம். பாப்பாவையும் கூட்டிக்கிட்டு." அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி கொஞ்சம்கூட இல்லை. தப்பித்தோம் என்கிற நடுக்கம்தான் இருந்தது. நான் ஆமாம் என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டு அந்த போட்டோவைப் பார்த்தேன். ஐந்து பேர், இடுப்பு வரை புல், பின்னால் சரிவு, ஒருவர் கையில் சிகரெட் பாக்கெட். ஒரு வருடமாக அந்தப் படத்தைத் தினமும் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட அதில் நான் புல்லைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் பல மாதம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது இதுதான். அந்தக் குழுக்கள் போனது என் பேச்சைக் கேட்டு இல்லை, அவர்களுக்கு என்னைத் தெரியவே தெரியாது. ஆனால் நான் சொல்லி எத்தனை பேர் அதே மாதத்தில் அதே மாதிரிச் சரிவில் நின்றிருப்பார்கள்? அவர்களுக்கெல்லாம் நான் கொடுத்த ஒரே உத்தரவாதம், ஒரு சனிக்கிழமை எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது. எங்கள் தொழிலில் மூட்டையின் மேல்வாயில் ஒரு பிடி அள்ளிப் பார்த்து யாரும் விலை சொல்ல மாட்டார்கள். கையை அடி வரை விட்டு, நடுவில் விட்டு, நாலு இடத்தில் எடுத்துப் பார்த்துத்தான் பேசுவார்கள். காய் விஷயத்தில் அவ்வளவு கவனமாக இருக்கிற நான் மனுஷர்கள் விஷயத்தில் மேல்பிடியைக் காட்டி மூட்டை நல்ல மூட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

புல்லும் மரமும்

பிறகு தீத்தடுப்பு வேலைக்குப் போகிற காவலர்கள் இரண்டு மூன்று பேரிடம் உட்கார்ந்து கேட்டேன். அவர்கள் சொன்னதில் புதிதாக ஒன்றும் இல்லை, மலையடிவாரத்தில் பிறந்த எனக்கு அது தெரியாமல் இருந்ததுதான் விஷயம். தீ மேட்டை நோக்கி ஓடும். தரையில் எரிவதைவிடச் சரிவில் பல மடங்கு வேகமாக ஓடும், ஏனென்றால் கீழே எரிகிற சூடு மேலே உள்ள புல்லை முதலிலேயே காய்ச்சி வைத்துவிடுகிறது. பகல் ஏற ஏறக் காற்றும் பள்ளத்தாக்கிலிருந்து மேல் நோக்கித்தான் வீசும். அதனால் சரிவில் நிற்பவர் மேலே ஓடித் தப்பிப்பது என்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். பள்ளமாக இருக்கிறதே என்று காய்ந்த ஓடைக்குள் இறங்கினால் அது புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். ஏற்கெனவே எரிந்து கருகிய இடம் பக்கத்தில் இருந்தால் அதுதான் பத்திரம், அங்கே மறுபடி எரிய ஒன்றும் இல்லை. மரம் அடர்ந்த ஓடைக்கரைச் சோலை அவ்வளவு லேசில் பற்றாது, தரையில் ஈரம் இருக்கும். தை மாதத்துக்கு மேல் புல்லில் ஈரம் போய்விடும், மாசி பங்குனியில் அதில் ஒரு பொறி போதும்.

நான் மார்ச் மாதத்தைச் சிபாரிசு செய்ததற்குச் சொன்ன காரணங்களைத் திரும்பப் பாருங்கள். மழை இல்லை, அட்டை இல்லை, வானம் தெளிவு. அவ்வளவும் உண்மை. அவ்வளவும் புல் காய்ந்திருக்கிறது என்பதற்கான அடையாளமும்கூட. காட்சி நன்றாக இருக்கிறது என்றால் நடுவில் மரம் இல்லை என்று அர்த்தம், மரம் இல்லை என்றால் நிழலும் இல்லை, ஈரமும் இல்லை. எனக்குப் பிடித்த ஒவ்வொரு விஷயமும் அந்தப் பாதையின் ஆபத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பெரியம்மாவின் பாதையை நினைத்துப் பார்க்கிறேன். முந்தல் வழி நடந்தவர்களுக்குக் காட்சி தேவைப்படவில்லை. தலையில் சுமை, வயிற்றில் பசி. அந்த மாதிரிப் பாதைகள் சுற்றி வளைத்துத்தான் போகும், எதற்கு இந்தச் சுற்று என்று தோன்றும், போனால் அங்கே ஒரு ஊற்று இருக்கும், அல்லது சுமையை இறக்கி வைக்கத் தோதான ஒரு கல், அல்லது நாலு மரம். கழுதை ஏறுகிற சாய்வுக்கு மேல் செங்குத்தாக இருக்காது. இன்னும் கார் போகாத மலை ஊர்களுக்குத் தேர்தல் வந்தால் ஓட்டு மெஷின் குதிரையில் போகிறதே, அந்தப் பாதைகள் எல்லாம் இந்த வகை. பெரியகுளத்துப் பக்கம் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி என்கிற மலை ஊர் வழியாக, கொடைக்கானலுக்குப் பக்கத்து வட்டக்கானல் ஏறும் பாதையும் அப்படித்தான். வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை, ஊரே கோயில் மாதிரி. அந்த ஊர்க்காரர்கள் அரிசி வாங்கவும் ஆஸ்பத்திரி போகவும் காலங்காலமாக அந்தப் பாதையில்தான் ஏறி இறங்கியிருக்கிறார்கள், முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். நாம் சுகமாக நடந்துவிட்டு வரும் பாதை அவர்களுக்கு எப்படிப்பட்டது என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம், அது தனியாக எழுத வேண்டியது. இங்கே சொல்ல வந்தது, தினமும் ஆள் நடக்கிற பாதையில் ஏதாவது ஒன்று ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு முகம் எதிரே வரும். வேடிக்கை பார்க்கிறவர்களின் கால் மட்டும் பட்ட பாதையில் அது வராது.

நான் கேட்கிற கேள்விகள்

ஆகவே இப்போது யார் கூப்பிட்டாலும் முதலில் மாதத்தைக் கேட்கிறேன். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை என்றால் மலையே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். 2018க்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வந்தன, 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் முன்பதிவு, கூட வருவதற்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் என்று ஒழுங்கு செய்தது. குரங்கணி–சாம்பலாறும் அதில் ஒன்று. 2025இல் தீக்காலம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அந்தப் பாதைகளை மூடினார்கள். "லீவு கிடைக்கிறதே அப்பத்தானே, இப்படி மூடி வைக்கிறாங்களே" என்று ஒருவர் என்னிடம் குறைப்பட்டார். எனக்கு அந்த அறிவிப்பைப் படித்தபோது நெஞ்சில் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது, முன்னாலேயே இப்படி இருந்திருக்கக் கூடாதா என்று. அக்டோபர், நவம்பரில் கேட்டால் வேறு பேச்சு: போடியில் வெயில் அடிக்கும், மேலே மழை கொட்டியிருக்கும், கொட்டகுடி ஆறு திடீரென்று செம்மண் நிறத்தில் வரும். ஓடையைத் தாண்ட வேண்டிய பாதை அந்த மாதங்களில் வேண்டாம். போகும்போது முட்டளவு இருந்த தண்ணீர் திரும்பும்போதும் அப்படியே இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது.

அடுத்து, உங்களில் மெதுவாக நடப்பவர் யார் என்று கேட்கிறேன். இதற்குத்தான் நிறையப் பேர் தயங்குகிறார்கள். குழுவில் நாலு பேர் ஓடக்கூடியவர்களாக இருப்பார்கள், ஐந்தாவது ஆள் முட்டிவலிக்கு மாத்திரை போடுபவராக இருப்பார், அவரைப் பற்றிப் பேச்சே வராது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், நல்ல விஷயம், ஆனால் அந்தப் பிரிவுக்கு உங்கள் வீட்டு முட்டி தெரியாது. ஏறும்போது மூச்சு வாங்கும், உட்கார்ந்தால் சரியாகிவிடும். இறங்கும்போதுதான் கால் நடுங்கும், கல் வழுக்கும், அவசரம் வரும். நான் பார்த்த வரையில் மலையில் கால் பிசகுவதெல்லாம் இறக்கத்தில்தான். அதனால் ஒரு பாதையை எடைபோடும்போது அதைத் தலைகீழாகப் பார்க்கச் சொல்கிறேன்: களைத்துப்போய், தண்ணீர் குறைந்து, பிற்பகல் வெயிலில் இதே வழியாக இறங்க முடியுமா?

அம்மா அப்பாவோடு வருகிறோம் என்றால் நான் குரங்கணி மலைமேல் அனுப்புவதே இல்லை. விடியற்காலையில் பங்காருசாமி கண்மாய்க் கரையில் நடக்கச் சொல்வேன், சூரியன் ஏற ஏற மொத்த மலையும் மடிப்பு மடிப்பாக நிறம் மாறுவதை அங்கிருந்து பார்க்கலாம். பரமசிவன் மலைக்கோயிலுக்குப் படி ஏறலாம், ஊரே காலடியில் தெரியும். இல்லாவிட்டால் குரங்கணிச் சாலையில் ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டு மாந்தோப்பு நிழலில் இரண்டு மைல் நடக்கலாம். இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது, மலைக்கு வந்துவிட்டு உச்சிக்குப் போகாமல் எப்படி என்கிறார்கள். நாற்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், அந்தக் கண்மாய்க் கரையில் கிடைக்கிற மலை எனக்கு உச்சியில் கிடைத்ததில்லை.

கடைசிக் கேள்வி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பது. எங்கே திரும்புவீர்கள் என்று கேட்பதில்லை. இடத்தைக் குறித்துக்கொண்டு போனால் இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான் என்று இழுக்கும். மணியைக் குறித்துக்கொண்டு போனால் எங்கே நின்றாலும் திரும்பலாம்.

சென்ற டிசம்பர்

கோயம்புத்தூர்க்காரர் அந்த போனுக்குப் பிறகு மலைப் பேச்சையே எடுக்கவில்லை. வியாபாரமாகப் பேசுவோம், மற்றபடி இல்லை. சென்ற வருடம் நவம்பரில் அவரே கேட்டார்: "பாப்பா காலேஜ் போயிட்டாண்ணே. எட்டு வருஷமா கேக்கறா. கூட்டிக்கிட்டு வரட்டுமா? நீங்களும் வர்றதா இருந்தா." சாம்பலாறு பாதைக்கு முன்பதிவு செய்தோம். அக்கா மகனும் வந்தான், இப்போது அவன் என்னைவிட ஒரு அடி உயரம். கூட வந்த வழிகாட்டிப் பையன் அந்தப் பக்கத்து ஊர்க்காரன், அதிகம் பேசவில்லை, ஆனால் யார் பின்னால் தங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

பதினொரு மணிக்கு மேல் மேலிருந்து மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்க ஆரம்பித்தது. நாங்கள் மெதுவாகத்தான் வந்திருந்தோம், கோயம்புத்தூர்க்காரருக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிப் பையன் நின்று மேலே பார்த்துவிட்டு, "இதோட திரும்பிடலாம் சார்" என்றான். அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. "அங்கிள், இன்னும் கொஞ்சம்தானே?" என்று என்னைப் பார்த்தாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் அப்பா ஒரு கல்லில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்து, இறக்கத்துக்கு ஏற்ற மாதிரி இறுக்கிக் கட்ட ஆரம்பித்துவிட்டார். அவள் ஒரு நிமிடம் நின்று பார்த்தாள், அப்புறம் அவளும் உட்கார்ந்து கட்டினாள்.

கீழே ஆற்றுக்கு வந்தபோது மணி ஒன்றரை. எல்லோரும் காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டோம். எதிர்ச் சரிவில் மஞ்சு விலகி வெயில் விழுந்தது. அக்கா மகன் என் தோளைத் தட்டி, "மாமா, அதானே?" என்றான். அதுதான். மழை முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, சரிவு முழுக்க இன்னும் பச்சையாகத்தான் இருந்தது, நுனியில் மட்டும் லேசாகப் பழுக்க ஆரம்பித்திருந்தது.